உன் மகன் ஓடிய இரண்டு சுற்று

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசிகளுடன் எழுதுவது. நான் நலம். நீயும் நலம் என்பதை உன் கடிதத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். உடம்புக்கு முடியாதவன் பேனாவை இவ்வளவு அழுத்தி எழுத மாட்டான். தேதி போடவில்லை, ஓரம் விடவில்லை, "அக்கா" என்றுகூட விளிக்காமல் "என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய்" என்றுதான் தொடங்குகிறாய். நம் இருவரையும் ஒரே அப்பாதான் படிக்கவைத்தார். என்னைக் கன்னியாஸ்திரீகளிடம் விட்டார், உன்னை உன் போக்கில் விட்டார். வித்தியாசம் தெரிகிறது.

தொண்ணூற்றேழு சதவீத மதிப்பெண் வாங்கிய பையனுக்குக் கல்லூரியில் இடம் தராமல் நிறுத்திவைத்திருக்கிறார்கள், அதற்குச் சொந்த அத்தையே காரணம் என்று யாரோ உன் காதில் போட்டிருக்கிறார்கள். உண்மைதான். எப்படி நடந்தது என்பதை மட்டும் நான் சொல்லிக் கேள்.

தேர்வுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் கண்காணிப்பாளராக இருந்தேன். ஒருவருக்கும் ஒரு கருணை மதிப்பெண் போட்டதில்லை. அதனால்தான் ஓய்வுக்குப் பிறகும் சேர்க்கைக் குழுவில் என்னை வைத்திருக்கிறார்கள். இந்த வருடம் விளையாட்டுப் பிரிவில் குண்டு எறியும் பெண் ஒருத்தி வந்தாள். பயிற்சியாளர் அவளைப் பீரங்கி என்று கூப்பிடுகிறார், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். மொழிப்பாடத்தில் நாற்பது வேண்டும். அவள் வாங்கியது முப்பத்தொன்பது. பயிற்சியாளர் கூட்டத்தில் என் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மேடம், ஒரே ஒரு மார்க்கு. இந்தப் பொண்ணு வந்தா இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான்" என்றார். "அவ எறியுற குண்டு ஒரு சாண் குறைஞ்சு விழுந்தா நீங்க சேத்து அளப்பீங்களா?" என்று கேட்டேன். "அது எப்படிங்க மேடம்" என்றார். "இதுவும் அப்படித்தான்" என்றேன். மனிதர் அதோடு விட்டிருக்கலாம். "ஓடுற பிள்ளைங்க மட்டும் படிக்கணும், படிக்கிற பிள்ளைங்க ஓட வேணாமா?" என்று முனகினார். எனக்குச் சுருக்கென்றது. "போடுங்களேன் ஒரு விதி. மார்க்கு வாங்கி வர்றவங்களும் மைதானத்தை ரெண்டு சுத்து அஞ்சு நிமிஷத்துல ஓடணும்னு போடுங்க. யார் வேணாம்னா?" என்றேன். அது கிண்டல், தம்பி. ஆனால் கூட்டத்தில் பேசுவது ஒரு வார்த்தை விடாமல் குறிப்பேட்டில் ஏற வேண்டும் என்று அந்த எழுத்தரைப் பழக்கியவள் நான். அவர் ஏற்றிவிட்டார். முதல்வருக்கு மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. கண்ணாடியைக்கூடப் போடாமல் கையெழுத்துப் போட்டார். மறுநாள் பலகையில் ஒட்டிவிட்டார்கள். மதிப்பெண் வரிசையில் முதல் பெயர் உன் மகனுடையது.

மற்றவர்கள் எப்படியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி முடித்தார்கள். உன் மகன் அரைச் சுற்றில் ஷூ கயிற்றைக் கட்ட உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. குறை அவனுடையது மட்டுமல்ல. புத்தகம் கேட்டால் நாற்காலிக்கே கொண்டுவந்து தரும் வீட்டில் வளர்ந்தவன். மூன்று வாரத் தவணை கொடுத்தோம். பீரங்கிக்கும் மறுதேர்வுக்கு அதே மூன்று வாரம்.

அவன் என் வீட்டில்தானே தங்கியிருக்கிறான். மறுநாள் காலை ஐந்தரைக்கு வாசல் மணி அடித்தது. திறந்தால் பீரங்கி. "மேடம், அவனை ஓட வைக்கிறேன், அவன் எனக்குப் பாடம் சொல்லட்டும்" என்றாள். உள்ளே போர்வைக்குள்ளிருந்து, "அத்தை, நான் தூங்குறேன்னு சொல்லுங்க" என்று அவனே குரல் கொடுத்தான். அவள் கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள், அவன் இறங்கிவிட்டான். அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் கேள். இவன் ஓட வேண்டும், அவள் சைக்கிளில் பின்னால் வருவாள். ஓடிக்கொண்டே இவன் பாடத்திலிருந்து கேள்வி கேட்பான். அவள் தப்பாகச் சொன்னால் இவன் நிற்கலாம். முதல் நாள் பதினான்கு இடத்தில் நின்றான், தெருக்கோடி பால் கடையைத் தாண்டவில்லை. அவளுக்கு அது பொறுக்கவில்லை. இவனை நிற்க விடக்கூடாது என்ற ஒரே வைராக்கியத்தில் அவள் ராத்திரியெல்லாம் படித்தாள். இரண்டாவது வாரம் ஒரே இடத்தில்தான் நின்றான். "நீ கேட்டது பாடத்துலயே இல்லடா, ஏமாத்துறியா, ஓடு" என்று அவள் சத்தம் போட்டதில் எதிர்வீட்டு டாக்டர் எழுந்துவந்தார். நடுவில் என் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து இருவரும் தின்ற ரொட்டியின் கணக்கை உனக்கு அனுப்பப் போவதில்லை. போகிற போக்கில் என் பீரோவை நகர்த்தி, உன் அத்தான் போன வருடத்திலிருந்து தேடிக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொடுத்தாள். வீடு மறுபடி சத்தமாக இருந்தது என்பதைக் குறையாகச் சொல்லவில்லை.

முடிவுக்கு வருகிறேன். வெளிக்கல்லூரி ஆசிரியர் திருத்தியதில் பீரங்கிக்கு ஐம்பத்திரண்டு. இன்று காலை உன் மகன் ஓடினான். பயிற்சியாளர் போனில் நேரம் பார்க்கிறேன் என்றார், நான் விடவில்லை. உன் அத்தான் இயற்பியல் ஆய்வகத்தில் ஊசல் ஆடும் நேரம் பார்த்த கடிகாரத்தை எடுத்துப்போனேன். கடைசி வளைவில் பார்வையாளர் சிலர் எழுந்து நாகரிகமில்லாமல் கூச்சலிட்டார்கள். என் கண் கடிகாரத்தில்தான் இருந்தது. ஐந்து நிமிடம் இரண்டு விநாடி. "ரெண்டு செகண்டுதானே மேடம், உங்க சொந்தத் தம்பி பிள்ளை" என்றார் பயிற்சியாளர். "அதனாலதான்" என்றேன். தேர்ச்சியில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். உன் மகன் என் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தான். இதில் இனி மாற்றமில்லை, சிபாரிசுக்கு ஆள் பிடிக்காதே. வேறு கல்லூரி பார்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள். இரத்த அழுத்த மாத்திரையை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. நான்கு பக்கத்தை வீணாக்க மனமில்லாததால் அப்படியே அனுப்புகிறேன். நேற்று மாலை பீரங்கி வந்தாள். "மேடம், அவன் கோட்டைத் தாண்டினப்ப நீங்க நாற்காலி மேல நின்னு ரெண்டு கையாலயும் தட்டிட்டிருந்தீங்க. வாட்சை அப்புறம்தானே அமுக்கினீங்க?" என்றாள். மேலே சொன்ன பார்வையாளர் சிலர் நான்தான். "ஓடுடா என் ராஜா" என்று கத்தியதாகவும் சொல்கிறார்கள். விரல் நுனியால் மூன்று முறை கை தட்டத்தான் சிஸ்டர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கண்காணிப்பாளரின் தவறுக்கு மாணவரைத் தண்டிக்கக் கூடாது என்பது நானே எழுதிய விதி. ஆகவே மறுதேர்வு. இன்று காலை நான்கு நிமிடம் ஐம்பத்தொரு விநாடி. கடிகாரம் பயிற்சியாளர் கையில். இடம் உறுதி. அவன் கட்டிலில் கிடக்கிறான், சிரித்துக்கொண்டு.

இன்னொன்று. "விதி குழுவுல இருக்கிறவங்களுக்கு இல்லையா மேடம்?" என்று முதல்வர் முன்னாலேயே கேட்டுவிட்டாள் பீரங்கி. எழுத்தர் பக்கத்தில் இருந்தார், ஏற்றிவிட்டார். ஆறாம் எண்ணில் கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி உடனே அனுப்பு, வெள்ளை. இன்று ஓடிப் பார்த்ததில் எனக்கு ஒரு சுற்றுக்கே எட்டு நிமிடம் ஆயிற்று. பீரங்கிதான் நேரம் பார்க்கிறாள். ஒரு விநாடி கருணை காட்ட மாட்டேன் என்கிறாள்.