தூக்குக்குண்டு பாபாவும் காலிஃப்ளவர் விஷமும்

அந்தக் குளிர்காலத்தில் ராணாகாட் சந்தையில் காலிஃப்ளவரைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. பாம்பைக் கண்டதுபோல் எல்லோரும் விலகினார்கள். காரணம், கிளப் மைதானத்தில் பந்தல் போட்டு இறங்கியிருந்த தூக்குக்குண்டு பாபா.

பாபாவின் வைத்தியம் எளிது. சிவப்பு நூலில் ஒரு பித்தளைக் குண்டு. கழுத்துக்கு நேரே பிடிப்பார். ஆடினால் தைராய்டு. (ஆடாத கழுத்து எங்கள் ஊரில் ஒன்றுகூட இல்லை.) பிறகு காய்கறிக் கூடைக்கு மேல் பிடிப்பார். உருளைக்கிழங்கு என்றால் குண்டு தியானத்தில் நிற்கும். காலிஃப்ளவர், முட்டைக்கோஸ், கடுகுக்கீரை என்றால் பேயாட்டம்.

"விஷம்! கழுத்தை நெரிக்கிற விஷம்!" என்று பாபா அலறுவார்.

பக்தர்கள் வீட்டுக் காலிஃப்ளவரையெல்லாம் அவர் காலடியில் கொட்டிவிட்டு, கழுத்தைக் காக்குமென்று கைக்கு ஒரு செம்புக் காப்பு வாங்கிப் போவார்கள். கொட்டிய விஷம் சாயங்காலமே சீடர் கடைச் சமோசாவுக்குள் போய்விடும். அங்கேயும் அதே கூட்டம்தான்.

எங்கள் எதிர்வீட்டு சுதேஷ்ணாவுக்கு உண்மையாகவே தைராய்டு குறைவு. தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு பம்பரமாகச் சுழன்றவள்.

"காப்பு இருக்கறப்ப மாத்திரை எதுக்கும்மா?" என்றார் பாபா. நிறுத்திவிட்டாள்.

பனிக்காலம் முடிவதற்குள் முகம் உப்பிக் குரல் கம்மியது. ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே தூங்கிவிட்டாள். புடவைத் தலைப்பில் தீப்பிடித்தது. ஓடிவந்து அணைத்தவள் அவள் நாத்தனார் பியாலி. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். வாய் கொஞ்சம் நீளம்.

"மாத்திரையைப் போடுங்க அண்ணி!"

"பாபாவோட குண்டு பொய் சொல்லுமாடி?"

"அந்தக் குண்டையே கேட்டுடுவோம்."

ஞாயிற்றுக்கிழமை. பந்தல் நிரம்பி வழிந்தது. பியாலி சில மண்சட்டிகளை வரிசையாக வைத்தாள். எல்லாவற்றின் வாயிலும் துணி கட்டியிருந்தது.

"பாபா, சிலதுல காலிஃப்ளவர், சிலதுல உருளைக்கிழங்கு. எதுல எதுன்னு எனக்கே தெரியாது. எதிர்வீட்டுக்காரர் கட்டிக் கொடுத்தார். விஷத்தைக் கொஞ்சம் காட்டுங்க."

அந்த எதிர்வீட்டுக்காரன் நான்தான். என் முகத்தைப் பார்த்து பாபா எதையும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பது பியாலியின் உத்தரவு. அதனால் கடைசி வரிசையில் போர்வைக்குள் புதைந்திருந்தேன்.

"காட்டுங்க பாபா! இவ வாயை அடைங்க!" என்றது கூட்டம். பாபாவால் மறுக்க முடியவில்லை.

முதல் சட்டி. குண்டு தலைகால் தெரியாமல் ஆடியது. "விஷம்!" பியாலி துணியை அவிழ்த்தாள். உருளைக்கிழங்கு.

அடுத்தது. குண்டு அசையவில்லை. "சுத்தம்!" உள்ளே கொழுகொழுவென்று காலிஃப்ளவர்.

மூன்றாவதில் குண்டு ஆடவும் இல்லை, நிற்கவும் இல்லை.

"என்ன பாபா, பாதி விஷமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆமா, லேசான விஷம்!"

அவிழ்த்தால் சட்டி காலி. அது மட்டும் என் சொந்தக் குறும்பு.

பந்தல் கூரை பறக்கிற சிரிப்பு.

"துணி சக்தியை மறைக்குது!" என்று கத்தினார் பாபா.

"அண்ணி அன்னிக்கு ஸ்வெட்டர், மஃப்ளர், சால்வைன்னு மூட்டையா வந்தாங்களே, அப்ப மறைக்கலையா?" என்றாள் பியாலி.

சுதேஷ்ணா எழுந்தாள். காப்பைக் கழற்றி பாபாவின் மடியில் போட்டாள். "காலிச் சட்டியில விஷம் இருக்குன்னு சொல்ற இதை நம்பியா என் மாத்திரையை நிறுத்தச் சொன்னீங்க?" என்றாள். கம்மிய குரல்தான். ஆனாலும் கடைசி வரிசைவரை கேட்டது.

பாபா குண்டைச் சுருட்டிப் பையில் போட்டார். சீடரின் ஸ்கூட்டரில் ஏறிப் போனவர் போனவர்தான். சமோசாக் கடையும் மூடிவிட்டது. அதற்கு மட்டும் ஊரில் சிலர் வருத்தப்பட்டார்கள்.

டாக்டரம்மா சுதேஷ்ணாவைத் திட்டித் தீர்த்தார். "காலிஃப்ளவர் பாவம், அது என்னம்மா பண்ணுச்சு? வேகவச்சு அளவாச் சாப்பிடு. அயோடின் உப்பு போட்டுக்கோ. என்னைக் கேக்காம மாத்திரையை நிறுத்தின, நானே உன் கழுத்தை நெரிப்பேன்!"

இப்போது எதிர்வீட்டில் காலிஃப்ளவர் போட்ட மீன்குழம்பு கொதிக்கிறது. சுதேஷ்ணா மறுபடியும் பம்பரம்.

நாங்கள் எல்லோரும் குண்டு ஆடுகிறதா என்று பார்த்தோம். அதைப் பிடித்திருந்த கை ஆடுகிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஐயா, அம்மா, கழுத்தில் இருக்கும் சுரப்பி மிகச் சிறியது. அதற்குக் கொஞ்சம் மேலே பெரிதாக ஒன்று இருக்கிறது. அதற்கு எவ்வளவு வேலை கொடுத்தாலும் வீங்காது.