மெர்வின் இடது காது

"மெர்வ் இன்னைக்கும் போகலையாம்" என்றாள் நோலீன், விரலில் ஒட்டிய லாமிங்டன் கேக்கின் தேங்காய்த் துருவலை நக்கியபடி.

டாக்டர் ஹெதர் பாஸ்கோ பேனாவை மூடி வைத்தாள். "ஏனாம்?"

"புல்லுக்குத் தண்ணி விடணுமாம்."

"நேத்து ராத்திரி பூரா மழை கொட்டிச்சே."

"நானும் அதைத்தான் கேட்டேன். மழைத்தண்ணி வேற, குழாய்த்தண்ணி வேறங்கிறான்."

ஹெதருக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால் பின்கழுத்தைச் சொறிந்துகொள்வது அவள் வழக்கம். சொறிந்துகொண்டாள்.

கல்லம் பே என்ற அந்தக் கடலோர ஊரின் பவுல்ஸ் கிளப் சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தது. புல்தரையில் பந்து உருட்ட வரும் அத்தனை பேரின் பெயரும் அதில் உண்டு. தோல் பரிசோதனை செய்துகொண்டு வந்தவர் பெயருக்கு எதிரே நோலீன் பச்சை மையில் டிக் போடுவாள். கிளப்பின் செயலாளர் அவள்தான். இப்போது பலகை முழுக்கப் பச்சை. புல்தரையைப் பராமரிக்கும் மெர்வின் பெயருக்கு எதிரே மட்டும் வெறுமை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தோல் புற்றுநோய் எதனால் வருகிறது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொப்பி இல்லாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்து வெயிலில் விளையாடவே விடமாட்டார்கள். எல்லாம் தெரிந்தவர்கள் ஏன் எதையும் செய்யமாட்டேன் என்கிறார்கள் என்பதுதான் ஹெதரின் ஆராய்ச்சி. அதில் அவளுக்குப் பெரிய பெயர். கல்லம் பேயில் ஒருவர் விடாமல் பரிசோதனைக்கு அனுப்பிக் காட்டுகிறேன் என்று பல்கலைக்கழகத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அதைவிட அவளை உறுத்தியது மெர்வின் இடது காது. கோடை முழுக்க அதன் நுனியில் ஒரு புண் ஆறுவதும் மறுபடி பொருக்கு கட்டுவதுமாக இருந்ததை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஈஸ்டர் முடிந்ததும் அங்கே ஒரு பிளாஸ்டர் முளைத்தது. கேட்டால், "புல்வெட்டி மெஷின்ல கல்லு தெறிச்சிடுச்சு" என்றான். மறைக்கிறான் என்று ஹெதர் உடனே முடிவுகட்டினாள். அவளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. ஆளே போய்விடக்கூடிய விஷயம் அது.

முதலில் அவன் கைப்பேசிக்குத் தினமும் காலையில் நினைவூட்டல் அனுப்பினாள். அன்பான வாசகங்கள், ஒன்றுகூட மிரட்டல் இல்லை. ஒரு வாரம் கழித்து நோலீன் வந்து, "ஏம்மா ஹெதர், அவன் போனைத் தண்ணி டேங்குல போட்டுட்டான். இப்ப புல்தரை விஷயமா யாரு கூப்பிட்டாலும் கிடைக்க மாட்டேங்கிறான். சனிக்கிழமை போட்டிக்குக் கோடு போடாம விட்டுட்டான்" என்றாள்.

அடுத்தது தொப்பி. காது மூடும் அளவுக்கு அகல விளிம்பு வைத்த நல்ல தொப்பியாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தாள். மெர்வ் பவ்யமாக வாங்கிக்கொண்டான். மறுநாள் அது தண்ணீர்க் குழாயின் தலையில் உட்கார்ந்திருந்தது.

"குழாய்க்கு எதுக்கு மெர்வ் தொப்பி?"

"வெயில்ல பிளாஸ்டிக் வெடிச்சிடுது டாக்டரம்மா. நீங்க சொன்னப்புறம்தான் எனக்கே உறைச்சுது."

மூன்றாவதாக வந்தது கேமரா. வெயில் தோலுக்கு அடியில் செய்து வைத்திருக்கும் சேதத்தைக் கரும்புள்ளிகளாகக் காட்டும் கேமரா. தன் முகத்தைத் தானே அப்படிப் பார்த்தால் கல்லும் கரையும் என்பது ஹெதரின் நம்பிக்கை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கூடும் நேரத்தில் பெரிய திரையில் ஒவ்வொரு முகமாகக் காட்டினாள்.

ஹெதர் மறந்துவிட்டது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை கறித்தட்டுக் குலுக்கல் நாள். ஆட்டுத்தொடையும் சாசேஜும் அடுக்கிய பரிசுத் தட்டு மேடையில் தயாராக இருக்கும்போது, கல்லம் பேக்காரர்கள் எதையும் போட்டியாகத்தான் பார்ப்பார்கள். முகத்தில் அதிகப் புள்ளி உள்ளவருக்கே தட்டு என்று பாரில் நின்ற ஒருவர் குரல் கொடுக்க, கூட்டம் ஏற்றுக்கொண்டது. அடுத்த வெள்ளிக்கிழமை பாதிப் பேர் சன்ஸ்கிரீன் போடாமல், காலையிலிருந்து வெயிலில் உட்கார்ந்து, சிவக்கச் சிவக்க வந்து சேர்ந்தார்கள்.

"இவ்வளவு வருஷம் படிச்சு, கடைசில ஆளுங்களை வறுத்து எடுத்துட்டியேம்மா" என்றாள் நோலீன். "சரி, வந்ததுக்கு நீயும் உக்காரு. உன்னையும் ஒரு படம் பிடிச்சுப் பாப்போம்."

"நான் ஆராய்ச்சி பண்றவ நோலீன். என்னைப் பிடிச்சு என்ன ஆகப்போகுது?"

"சும்மாதான். பின்பக்கமா பிடிக்கலாமான்னு பார்த்தேன்."

"வேலை கிடக்கு" என்று ஹெதர் கேமராவை மூட்டை கட்டினாள்.

கறித்தட்டுதான் வில்லன் என்றால் அதையே நண்பனாக்கிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பரிசோதனைக்குப் போய்வந்தால் குலுக்கலில் ஒரு சீட்டு இலவசம் என்று அறிவித்தாள். போனவர்களே மறுபடி போனார்கள். ஒரே மச்சத்தைக் காட்ட ஒருவர் திங்களும் போனார், வியாழனும் போனார். கிளினிக்கிலிருந்து போன் வந்தது. தயவுசெய்து நிறுத்துங்கள், நிஜ நோயாளிகளுக்கு இடம் இல்லை என்றார்கள். மெர்வ் மட்டும் போகவில்லை. "நான் காய்கறிக்கு மாறிட்டேன் டாக்டரம்மா" என்றான், கையில் சாசேஜ் ரொட்டியோடு.

ஆனாலும் ஹெதர் அசரவில்லை. தோல்வி என்பது அவள் அகராதியில் தகவல். அந்த வாரமே கிளப்பில் ஒரு கூட்டம் போட்டு, தன் ஆராய்ச்சியின் சாரத்தை எல்லோருக்கும் பிழிந்து கொடுத்தாள்.

"பயமுறுத்தினா மனுஷன் ஓடுவான். புத்தி சொன்னா முறைப்பான். அவனே எடுத்த முடிவுன்னு அவன் நினைக்கணும். நாளையும் நேரத்தையும் அவன் வாயாலேயே சொல்ல வைக்கணும். போகும்போது தனியா விடக்கூடாது. நாம பின்னால நின்னு நூலை மட்டும் இழுக்கணும். இழுக்கிறது அவனுக்குத் தெரியவே கூடாது."

கூட்டத்தில் இப்படி ஒரு அமைதியை அவள் பார்த்ததே இல்லை. பந்து உருட்டப் போகாமல், பீரைத் தொடாமல் எல்லோரும் கேட்டார்கள். நோலீன் இரண்டு இடங்களில் திரும்பச் சொல்லச் சொன்னாள். கடைசி வரிசையில் மெர்வ்கூடத் தலையாட்டிக்கொண்டிருந்தான். ஹெதருக்கு மனம் நிறைந்துவிட்டது.

பலன் உடனே தெரிந்தது. மறுநாளே மெர்வ் புல்வெட்டி மெஷினை அணைத்துவிட்டு அவளிடம் வந்தான்.

"டாக்டரம்மா, போகலாம்னு இருக்கேன்."

ஹெதருக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "அது உங்க முடிவு மெர்வ். நான் ஒண்ணும் சொல்லலை."

"ஆனா எனக்கு ஊசின்னா கை நடுங்கும். நீங்க கூட வரணும்."

"தாராளமா வரேன். எப்பன்னு நீங்களே சொல்லுங்க."

"இல்ல, நீங்கதானே பிஸியான ஆளு. உங்களுக்கு எப்ப தோதுன்னு நீங்க சொல்லுங்க. நீங்க ஒரு நாளைச் சொல்லிட்டு வராம போயிட்டா என் மனசு உடைஞ்சிடும்."

"செவ்வாய்க்கிழமை, காலைல பத்து மணி. நான் வர்றேன். சத்தியம்."

"உங்க வாயாலயே சொல்லிட்டீங்க" என்றான் மெர்வ். "அப்பாயிண்ட்மென்ட் நானே போட்டுக்கறேன். அதுல நீங்க தலையிடக்கூடாது."

தானே பொறுப்பெடுத்துக்கொள்கிறான். இதைத்தானே அவள் பத்து வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறாள்? அன்று மாலையே அறிக்கையின் கடைசி அத்தியாயத்தை ஆரம்பித்துவிட்டாள்.

திங்கட்கிழமை சோதனையாக ஒரு போன் வந்தது. செவ்வாய் பத்து மணிக்குப் பல்கலைக்கழகத்தில் துறைக் கூட்டம், அவசியம் வர வேண்டும் என்றார்கள். தன் பல், தன் கண், தன் ரத்த அழுத்தம் என்று தனக்காக எந்தக் கூட்டத்தையும் ஹெதர் தவிர்த்ததே இல்லை. மெர்வின் காதுக்காக முதல்முறையாக முடியாது என்றாள். சொல்லிவிட்டுப் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டாள். விரலில் லேசாக ரத்தம். நகம் வெட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அவளே காரில் மெர்வை ஏற்றிக்கொண்டாள். வழியெல்லாம் அவன் வானிலையைப் பற்றிப் பேசினான். கை நடுங்கியதாகத் தெரியவில்லை. அது தன்னுடைய இருப்பு தரும் தைரியம் என்று ஹெதர் குறித்துக்கொண்டாள்.

கிளினிக் கூடத்துக்குள் நுழைந்தவள் நின்றுவிட்டாள். நாற்காலிகளில் வரிசையாகக் கிளப் ஆட்கள். நோலீன் மடியில் ஒரு டப்பா லாமிங்டன்.

"நீங்க எல்லாரும் எங்க இங்க?"

"துணைக்கு வந்தோம்மா. தனியா விடக்கூடாதுன்னு நீதானே சொன்னே" என்றாள் நோலீன்.

ஹெதருக்குக் கண் கலங்கியது. ஒரு மனிதனின் காதுக்காக ஓர் ஊரே திரண்டு வந்திருக்கிறது. எந்தப் பத்திரிகையும் இதை வெளியிடும்.

"பயமா இருக்கா மெர்வ்?" என்று கேட்டாள்.

"இப்போதைக்கு இல்ல டாக்டரம்மா. உங்களுக்கு?"

"எனக்கென்ன பயம்? கடைசிவரைக்கும் இங்கயேதான் இருப்பேன். நடுவுல எந்திரிச்சு ஓடுற ஆளு நான் இல்ல."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்றான் மெர்வ். வரிசை முழுக்கத் தலையாட்டியது. வாசல் கதவுக்கு அருகில் இருந்தவர் எழுந்து, கதவை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முன்மேசையில் இருந்த பெண் கணினியிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"ஹெதர் பாஸ்கோ, நீங்க உள்ள வரலாம்."

ஹெதர் சிரித்தாள். "பேரு மாறிப்போச்சும்மா. நான் கூட வந்தவ. பேஷண்ட் இவர்தான். பாருங்க, காதுல பிளாஸ்டர்."

அந்தப் பெண் மெர்வைப் பார்த்தாள். மெர்வ் பிளாஸ்டரின் ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தான். அடியில் ஒரு பொடித் தழும்பு, சுத்தமாக ஆறியிருந்தது.

"இவரு காதுல இருந்ததை நாங்க ஈஸ்டருக்கே வெட்டி எடுத்துட்டோமே டாக்டர். தெரிஞ்சா நீங்க வேலை முடிஞ்சுதுன்னு ஊரைவிட்டுக் கிளம்பிடுவீங்கன்னு மறைச்சிருக்காரு" என்றாள் அவள். "இன்னைக்கு வந்திருக்கிறது உங்க பின்கழுத்துப் புண்ணுக்கு. கோடையிலேருந்து உங்களை எப்படிக் கூட்டிட்டு வர்றதுன்னு தெரியாம தவிச்சாங்களாம், போன வாரம் நீங்களே ஒரு கூட்டம் போட்டு வழி சொல்லிக் கொடுத்தீங்களாமே."