அப்பாவின் இரண்டாவது தாடை

எங்கள் அப்பாவுக்கு இரண்டு தாடைகள். முதலாவது பிறக்கும்போதே வந்தது. இரண்டாவது கல்யாணத்துக்குப் பிறகு வந்து, முதலாவதுக்குக் கீழே நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

அப்பா ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். நாள் முழுக்க அடுத்தவர் தாடையோடுதான் மல்லுக்கட்டு. "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க... அவ்ளோ தூக்காதீங்க, மூக்குக்குள்ள இருக்கறதெல்லாம் தெரியுது... இறக்குங்க... ஐயோ, இப்ப கழுத்தையே காணோம்!" படம் எடுத்தபின் கம்ப்யூட்டரில் மவுஸைப் பிடித்து நாலு இழுப்பு. தொங்குகிற சதை போயே போச்சு. இந்த ஊரில் பாதிப் பேருக்கு அடையாள அட்டையில் ஒரு தாடை, ஆளுக்கு இரண்டு தாடை. அதற்குக் காரணம் எங்கள் அப்பா.

தன் தாடையைப் பற்றி மட்டும் அவர் கவலைப்பட்டதே இல்லை, அந்த வாடிக்கையாளர் வரும்வரை. படம் எடுத்து முடித்து, வாசல் கண்ணாடிப் பெட்டியில் இருந்த அப்பா அம்மா கல்யாணப் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு அந்த ஆள் கேட்டார்:

"சார், இது உங்க தம்பியா?"

"நான்தாங்க."

அவர் படத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். "அப்படியா?" என்றார். அப்படியொரு "அப்படியா". அதற்குப் பதில் அவர் ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

அன்றே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் அவர் மகள். வீட்டில் என் பட்டப்பெயர் மைனா. யார் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்வேன். ஒருமுறை எதிர்வீட்டு வக்கீல் குரலில் அவர் மனைவியிடமே "இன்னிக்கு சமைக்காதே, வெளிய சாப்பிடலாம்" என்று ஃபோனில் சொல்லி, அந்த மனிதரை வேறு வழியில்லாமல் செலவு பண்ண வைத்திருக்கிறேன்.

"மைனா, எனக்கு ஆபரேஷன்."

"ஐயோ! எங்கப்பா?"

"இங்க." பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல அந்த இரண்டாவது தாடையை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். "சின்னதா ஓட்டை போட்டு, குழாய் விட்டு, கொழுப்ப உறிஞ்சி எடுத்துடுவாங்களாம். சாயங்காலமே வீட்டுக்கு வந்துடலாம். தேதி குறிச்சிட்டேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நடக்குமா?"

"தாடையில கட்டு போட்டுட்டு வந்து நின்னா தெரியாதாப்பா?"

"பல்லு புடுங்கினேன்னு சொல்லிக்கறேன். நீ வாயைத் திறக்காம இருந்தா இது உனக்கு." அலமாரியிலிருந்து தன் பழைய ஃபிலிம் கேமராவை எடுத்துக் காட்டினார். நான் மூன்று வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிற கேமரா. என் வாய் அந்த நொடியே தைக்கப்பட்டது.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குத் தண்ணீர் சப்ளை அலுவலகத்தில் புகார் கேட்கிற வேலை. குழாயில் தண்ணீர் வராதவர்கள், வந்த தண்ணீர் நிற்காதவர்கள் எல்லாரும் ஃபோனில் அம்மாவைத்தான் திட்டுவார்கள். அங்கே எப்படிப் பேசுவாளோ, நாங்கள் கேட்டதில்லை. வீட்டில் அவளுக்கு ஒரே குரல்தான். அந்தக் குரலில் "என்னங்க" என்றால் தெருமுனையில் இரண்டு கணவன்மார்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம், நாங்கள் ஸ்டுடியோவில் இருக்கும்போது ஃபோன் அடித்தது. அப்பா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். காதில் வைத்தால் தாடை பட்டு அழைப்பு துண்டாகிவிடும்.

"வணக்கம் சார். கிளினிக்லேர்ந்து நர்ஸ் பேசறேன்." குரலா அது? தேனில் ஊறப்போட்டு எடுத்த மாதிரி. "ஆபரேஷனுக்கு முன்னாடி உங்க தாடைத் தசைய நாம தயார் பண்ணணும் சார். தினமும் ஒரு மணி நேரம் கூரையைப் பார்த்து நிக்கணும்."

"சும்மா நிக்கணுமா?"

"சும்மா நின்னா கழுத்து புடிச்சிக்கும் சார். கையும் மேல போகணும்."

"கை மேல போய் என்ன பண்ணணும்?"

"அது உங்க வசதி. ஒட்டடை அடிக்கலாம், ஃபேன் துடைக்கலாம். சிலர் கூரைக்கு வெள்ளை அடிக்கறாங்க. அவங்களுக்கெல்லாம் தாடை அருமையா வந்திருக்கு சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"போதும்மா, ரொம்ப நன்றி!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்பா, எந்த டாக்டர் ஒட்டடை அடிக்கச் சொல்வாரு?"

"நீ டாக்டருக்குப் படிச்சிருக்கியா?"

"எட்டாங்கிளாஸ்ல உடம்புப் பாடம் படிச்சேன்."

"அப்ப வாயை மூடு. கேமரா ஞாபகம் இருக்கட்டும்."

மறுநாள் அம்மா வேலையிலிருந்து வந்தபோது அப்பா ஏணி மேல் நின்று, ஆகாயத்தைப் பார்த்த வாத்து மாதிரி கழுத்தை நீட்டி, ஹாலில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது! நாலு வருஷமா நான் தொண்டை கிழிய சொல்றப்ப..."

"சும்மாதாம்மா. திடீர்னு தோணிச்சு. உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு."

அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தாடைக்குக் கீழே பார்த்தாள். ஏனோ உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு தேன் குரல் ஓயவில்லை. எண்ணெயில் பொரித்ததைத் தொடக்கூடாது. லிஃப்டில் ஏறக்கூடாது. இரண்டு கையிலும் சம எடை தூக்கி நடக்க வேண்டும், "காய்கறிப் பை மாதிரி ஏதாவது சார். கடைக்காரங்ககிட்ட பேரம் பேசினா தாடைக்கு இன்னும் நல்லது." அப்பா பேரம் பேசினார். படுக்கையறைக்கு வெள்ளை அடித்தார். பரண் மேல் ஏறி, அங்கிருந்த உடைந்த தொட்டில், கைப்பிடி போன குடை எல்லாவற்றையும் வெளியேற்றினார். ராத்திரி கண்ணாடி முன் நின்று சதையை இழுத்துப் பார்ப்பார். "மைனா, தசை தயாராகிடுச்சுன்னு நினைக்கறேன்."

அதே சமயத்தில் என் தலைவிதியும் சரியில்லை. எங்கள் கணக்கு வாத்தியார், ஜலதோஷத்தோடு, எனக்கே ஃபோன் பண்ணினார். "வட்டம் போடறப்ப உனக்குக் கை நடுங்குது. தினமும் வீட்ல பாத்திரம் தேய். வட்ட வட்டமா தேய். பரீட்சை வரைக்கும் விடாதே." வாத்தியார் சொல்லை மீற முடியுமா? இங்கே நான் அடுக்களையில் வட்டம், அங்கே அப்பா கூரையில் கோடு. நடுவில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் நாளும் வந்தது. "வெளியூர்ல கல்யாண ஷூட்டிங்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, லைட் பிடிக்க ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிக்கொண்டு அப்பா கிளினிக் போனார். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள். அவள் குரல் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினதுபோல இருந்தது.

"கேன்சல் ஆயிருக்கே சார்."

"யார் கேன்சல் பண்ணா?"

"நீங்கதான் சார். ஃபோன் பண்ணி, 'எனக்கு என் தாடையே போதும்மா'ன்னு சொன்னீங்களே."

அப்பா இரண்டு தடவை கனைத்தார். "ஹும்ஹும். நான் ஃபோனே பண்ணலையே!"

"இதே கனைப்புதான் சார்! பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை."

"அப்ப தினமும் பேசற அந்த நர்ஸ்?"

"இங்க நர்ஸ் யாரும் ஃபோன்ல பேச மாட்டாங்க சார். நான் மட்டும்தான்."

"ஒட்டடை... வெள்ளை... தசைய தயார் பண்ண..."

"எதுக்கு சார் வெள்ளை?"

அப்பா கவுண்டரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார், பழக்கதோஷம். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். இந்த ஊரில் அவரை மாதிரிக் கனைக்கத் தெரிந்த ஒரே ஆள் நான் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"சத்தியமா நான் இல்லப்பா!"

"வக்கீல் வீட்லயும் இதேதான் சொன்ன."

"அந்த நர்ஸ் பேசறப்ப நான் உங்க பக்கத்துலதானே நின்னேன்!"

"அதான் எனக்கு சந்தேகமா இருக்கு. வாயை அசைக்காம பேசறது உனக்குப் பெரிய வேலையா? கேமரா கிடையாது, போ!"

வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஒரு குறும்பைச் செய்யவில்லை. அதற்குத்தான் தண்டனை.

வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறந்த அம்மா, "ஷூட்டிங் அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்றாள்.

அப்பாவால் உண்மையைச் சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. "மாப்பிள்ளைக்கு... வயித்து வலி" என்றார். அம்மா அவர் தாடையைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

அப்பா என்னை ஹாலில் நிறுத்தி, குசுகுசுவென்று திட்ட ஆரம்பித்தார். ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டார்.

"வணக்கம் சார். உங்க ஆபரேஷன் ரத்தானதுல எங்களுக்கும் வருத்தம்தான்."

நான் உதட்டை இரண்டு கையாலும் பொத்திக் காட்டினேன். அப்பா என் வாயையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆனா தசைய பாதியில விடக்கூடாது சார். குளியலறைக் கூரை இன்னும் பாக்கி இருக்கு."

தேன் குரல் ஃபோனில் வருவதற்கு அரை நொடி முன்னாலேயே அடுக்களையில் கேட்டது.

இருவரும் ஓடினோம். அம்மா ஒரு கையில் டீ, மறு கையில் அலுவலக ஃபோனோடு நின்றாள். எங்களைப் பார்த்ததும் இரண்டு தடவை கனைத்தாள். "ஹும்ஹும். எனக்கு என் தாடையே போதும்மா." அப்பாவே பேசினார். சத்தியமாக அப்பாதான். எனக்கே புல்லரித்தது.

"உ... உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க குளிச்சிட்டு இருக்கறப்ப அந்த கிளினிக் பொண்ணு ஃபோன் பண்ணா. நான்தான் எடுத்தேன்."

"என் தாடை, நான் எடுத்துக்கறேன். உனக்கென்ன வந்தது?"

"உங்க தாடையா? மேல இருக்கறது உங்களுது. கீழ இருக்கறது என்னுது." அம்மா டீயைக் கீழே வைத்தாள். "நீங்க பொய் சொல்றப்பல்லாம் அதுதாங்க ஆடும். இத்தனை வருஷமா அதைப் பார்த்துத்தான் நான் குடும்பம் நடத்தறேன். அதை உறிஞ்சி எடுத்துட்டா, அப்புறம் உங்க மூஞ்சியப் பார்த்து நான் என்னத்தக் கண்டுபிடிக்கறது?"

"நான் எப்போ உன்கிட்ட பொய் சொன்னேன்!"

ஆடியது. நானே பார்த்தேன். தட்டில் வைத்த ஜெல்லி மாதிரி நின்று நிதானமாக ஆடியது. அம்மா ஏணியை நோக்கி விரல் நீட்டினாள். அப்பா ஏணியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனார்.

எனக்கு ஒரே குஷி. குற்றமற்றவள் என்று நிரூபணமாகிவிட்டது, கேமரா எனக்குத்தான். "அம்மா, நீ எனக்கே அம்மா!" என்று கட்டிப் பிடித்தேன்.

அம்மா மூக்கை உறிஞ்சினாள். கடுமையான ஜலதோஷம் பிடித்த குரலில் சொன்னாள்:

"சந்தோஷம். பாத்திரம் ஊறுது, வட்டமா தேய்."