ஆரோக்கியமான எலிகள் நீந்துவதில்லை

மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்தால் ஞாபக சக்தியும் குறையும் என்பது உலகம் எப்போதோ ஒப்புக்கொண்ட விஷயம். அதை மறுபடியும் நிரூபித்துக் காட்டும் மாபெரும் பொறுப்பை அரசாங்கம் என்னிடம் ஒப்படைத்திருந்தது. குன்னூரிலிருந்து வெலிங்டனுக்குப் போகும் வழியில், ஒரு பழைய துரை பங்களாவில் ‘தேசிய மலையக மூளை ஆய்வு நிலையம்’ என்று பலகை தொங்கியது. அங்கே நான் முதுநிலை விஞ்ஞானி. பெயர் பிராங்ளின். மலைக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. கேட்காததால்தான் முதுநிலை ஆனேன்.

ஆய்வு எளிமையானது. சில எலிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, கழுத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயைச் சுற்றி மெல்லிய கம்பிச்சுருளை மாட்டிச் சற்று இறுக்குவோம். மற்ற எலிகளை அப்படியே விட்டுவிடுவோம். பிறகு ஒவ்வொன்றாகப் பெரிய தொட்டியில் இறக்குவோம். தண்ணீருக்கு அடியில் ஒரு சின்ன மேடை இருக்கும். அது கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று தண்ணீரில் பால்பவுடர் கலப்போம். (கேன்டீன் டீ கருப்பாக இருப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நான் எழுத்துமூலம் விளக்கம் அளித்திருக்கிறேன்.) நல்ல எலி, நேற்று மேடை இருந்த இடத்தை ஞாபகம் வைத்து நேராக நீந்திப் போய் ஏறும். இறுக்கிய எலி மறந்துவிட்டுச் சுற்றும். அப்படித்தான் நடக்க வேண்டும்.

ஒருநாள் காலை ஹன்னா என் அறைக்கு வந்தாள். என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் பெண். பெர்ன்ஹில்லிலிருந்து தினமும் பஸ் ஏறி வருபவள்.

“சார், கொஞ்சம் வந்து பாருங்க. நல்ல எலிக எதுவுமே நீந்த மாட்டேங்குதுங்க.”

“நீந்தாம என்ன பண்ணுது?”

“சும்மா மெதக்குதுங்க.”

போய்ப் பார்த்தேன். ஆரோக்கியமான எலி ஒன்று கைகால்களை விரித்து, மூக்கை மட்டும் மேலே நீட்டி, எங்களைப் பார்த்தபடி மிதந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடத்துக்குள் மேடையைக் கண்டுபிடிக்காவிட்டால் தூக்கிவிட வேண்டும் என்பது விதி. எலிகளைப் பராமரிக்கும் ரஞ்சனி அதைத் தூக்கி, துண்டால் துவட்டி, சூடான பல்புக்குக் கீழே வைத்தாள். “பாவம், வெடவெடன்னு நடுங்குதுங்க சார்,” என்றாள். எலி கண்களை மூடிக்கொண்டது.

அடுத்து இறுக்கிய எலியை விட்டார்கள். அது சுவரில் முட்டி, திரும்பி, மறுபடி முட்டி, மூச்சிரைக்க நீந்தி எப்படியோ மேடையில் இடித்துக்கொண்டு ஏறியது.

“புரியுதுங்களா சார்?” என்றாள் ஹன்னா. “நல்ல எலிக்கு ஞாபகம் நல்லாவே இருக்குதுங்க. சும்மா கெடந்தாப் போதும், ரஞ்சனியக்கா தூக்கிருவாங்கன்னு ஞாபகம் வச்சிருக்குது. மத்தது அதை மறந்துபோயித் தெனமும் புதுசா உழைக்குது. தண்ணி ஐஸாட்ட இருக்குது சார். சூடு பண்ணிட்டுத் திரும்பவும் செய்யோணும்.”

பல்புக்கடியில் படுத்திருந்த எலியைப் பார்த்தேன். சக ஊழியர் ஒருவரைப் பார்த்தது போலிருந்தது.

தண்ணீரைச் சூடாக்கும் கருவி வேண்டுமென்று முன்பே கேட்டிருந்தோம். ‘ஊழியர்களுக்கே வெந்நீர் வசதி செய்து தரப்படாத நிலையில் எலிகளுக்கு வெந்நீர் கோருவது நிர்வாக ஒழுங்குக்கு முரணானது’ என்று பதில் வந்தது. படித்தபோது எனக்கே அது நியாயமாகப் பட்டது.

எங்கள் இயக்குநர் ராஜசேகர் ஜவுளித் துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர். முடிவுகளை அவரிடம் கொண்டுபோனேன்.

“இறுக்கினது முதலிடம். இறுக்காதது கடைசி. அப்படித்தானே?”

“ஆமாங்க சார். ஆனா…”

“ஆனாவை அப்புறம் சொல்லுங்க. ரத்தம் குறைஞ்சா திறமை கூடும்னு உலகத்துல யாராவது சொல்லியிருக்காங்களா?”

“இல்லைங்க சார்.”

“அப்ப இது கண்டுபிடிப்பு.”

“ஆமாங்க சார்,” என்றேன். அந்தக் கண்டுபிடிப்பில் என் பங்களிப்பு அவ்வளவுதான்.

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. ‘ஆய்வின் பயன் முதற்கண் நிலையத்தாரையே சென்றடைய வேண்டும் என்னும் உயரிய நோக்கில், அனைத்து அலுவலர்களும் அலுவலக நேரத்தில், சுவாசத்துக்கு ஊறு நேராத அளவில், கழுத்தில் மப்ளரை இறுக்கமாக அணிந்திருக்க இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறார்கள்.’

குளிர்ப் பிரதேசம். எல்லோரிடமும் மப்ளர் இருந்தது. இறுக்கினோம். முகங்கள் கேரட் நிறத்துக்கு வந்தன. நான் ஒரு கூட்டத்துக்கு இரண்டு முறை போய் இரண்டு முறையும் ஒரே கருத்தைச் சொன்னேன். இரண்டு முறையும் கைதட்டினார்கள். கண்காணிப்பாளர் கருணாகரன் என்னை ‘சகாயம் சார்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். ரஞ்சனியின் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பை வருஷக்கணக்கில் ஏதேதோ ஆட்சேபம் சொல்லித் திருப்பி அனுப்பியவர் அவர். இப்போது என்ன ஆட்சேபம் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வராமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். மப்ளரால் மறந்தாரா, மறக்க மப்ளர் ஒரு சாக்கா என்பது தனி ஆய்வுக்குரியது. ரஞ்சனி கேசரி கொண்டுவந்து கொடுத்தாள். இந்த நிலையத்தால் விளைந்த ஒரே நன்மை அதுதான்.

பிறகு டெல்லியிலிருந்து ஒரு பெண் அதிகாரி தலைமையில் மதிப்பீட்டுக் குழு வந்தது. ராஜசேகர் திரையில் படம் போட்டு விளக்கினார். எல்லோரும் மப்ளரோடு தலையாட்டினோம். மப்ளர் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஹன்னா எழுந்தாள்.

“மேடம், இந்த முடிவு தப்புங்க. தண்ணி ரொம்பக் குளிர். நல்ல எலிக நீந்தாததுக்கு அதுதான் காரணம். இதை வச்சு எதையும் சொல்ல முடியாதுங்க.”

குழுத் தலைவர் என் பக்கம் திரும்பினார். “டாக்டர் பிராங்ளின், இவர் உங்க மாணவிதானே? இவர் சொல்வது சரியா?”

‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ராஜசேகர் என்னைப் பார்த்தார். ஹன்னாவும் பார்த்தாள். அவளுடைய நான்கு வருட உழைப்பு அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. என் பதவி உயர்வும் அதில்தான் இருந்தது.

“இரண்டு கோணங்களிலிருந்தும் அணுக வேண்டிய விஷயம், மேடம்,” என்றேன்.

ஹன்னா உட்கார்ந்துவிட்டாள். மூளைக்கு வர மறுத்த என் ரத்தமெல்லாம் முகத்துக்கு வந்தது. குழு எங்களை வெகுவாகப் பாராட்டிவிட்டு, ஊட்டி வர்க்கி பிஸ்கட் மூட்டைகளோடு மலையிலிருந்து கீழே இறங்கியது.

அந்த மாதமே ஹன்னா கோயம்புத்தூரில் வேறொரு ஆய்வகத்துக்கு மாறிக்கொண்டாள். கிளம்பும்போது என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள்.

“என் மேல கோவமா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க சார். நீங்க மறந்திருந்தாக் கோவப்பட்டிருப்பேன். உங்களுக்குத்தான் நல்ல எலியாட்ட எல்லாம் ஞாபகம் இருக்குதுங்களே.”

கோயம்புத்தூரில் தண்ணீர் கதகதப்பு. நல்ல எலிகள் நீந்தின, இறுக்கிய எலிகள் மறந்தன, ஹன்னா டாக்டர் ஆனாள். ராஜசேகர் இன்னும் பெரிய பதவிக்கு டெல்லி போனார். எனக்கும் உயர்வு வந்தது.

எல்லாம் அடங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போனால், பிளஸ் டூ படிக்கும் என் மகள் ஷைனா உயிரியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஊதா நிற மப்ளர். முகம் சிவந்திருந்தது.

“ஏனுங்க, மூளை மப்ளராம். ஊட்டி சேரிங்கிராஸ்ல வாங்குனேன்,” என்றாள் என் மனைவி ஆன்சி. “இறுக்கிக் கட்டுனா படிச்சது மறக்காதாம். கடையில நிக்க எடமில்ல. நீட் எழுதற புள்ளைக எல்லாம் இதத்தான் கட்டுதுக.”

“யாரு சொன்னது?”

“யாரோ பெரிய விஞ்ஞானி எலிக்குக் கட்டிப் பார்த்து நிரூபிச்சிருக்காராம். உங்க ஆபீஸ்ல இதெல்லாம் பேசிக்க மாட்டீங்களா?”

ஆபீஸில் நான் என்ன செய்கிறேன் என்று ஆன்சி கேட்டதில்லை. சொல்லும்படியாக நானும் எதுவும் செய்ததில்லை.

“அப்பா, ரொம்ப இறுக்குதுப்பா,” என்றாள் ஷைனா.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அந்தப் பெரிய விஞ்ஞானி யார் என்பதையும் சொல்ல வேண்டி வரும். கிட்டே போய் முடிச்சைத் தளர்த்தினேன்.

“லேசாக் கட்டினாத்தாம்மா இது வேலை செய்யும்,” என்றேன்.

ஷைனா ஆழமாக மூச்சு விட்டாள். தன் வகுப்பில் போய்ச் சொன்னாள். வகுப்பு ஊரில் சொன்னது. அடுத்த ஞாயிறு சர்ச்சில் பிள்ளைகள், வாத்தியார்கள், எங்கள் குடும்ப டாக்டர், பாட்டுக் குழு எல்லோர் கழுத்திலும் மப்ளர் தளர்ந்து தொங்கியது. ‘இறுக்கிக் கட்டுவது பழைய முறை, ஆபத்து, விஞ்ஞானியே சொல்லிவிட்டார்’ என்று பேசிக்கொண்டார்கள். கடைக்காரர் ‘லேசாகக் கட்டும் புதிய மூளை மப்ளர்’ என்று பலகை வைத்துவிட்டார். வரிசை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீள்கிறதாம். பழையதைக் கொண்டுபோனால் மாற்றித் தருவதில்லை.

அந்த வரிசையில் நின்று ஆன்சி எனக்கும் ஒன்று வாங்கி வந்தாள்.

கட்டியிருக்கிறேன். குணம் தெரிகிறது.