உருளைக்குக் கிரீஸ் பூசியது பற்றி

கற்பிட்டி,
வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின்.

மதிப்புக்குரிய இஸ்ஸதீன் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தோஹாவின் வெயிலில் உங்களையும் மதினியையும் பிள்ளைகளையும் அல்லாஹ் நிழலில் வைத்திருப்பானாக. இங்கே உம்மா சுகம். வாப்பா சுகம். நான் சுகம், உள்ளங்கைகள் தவிர. நிக்கொலஸ் அண்ணன் சுகம், முழங்கால்கள் தவிர. ஜெய்னம்பு மாமியின் குசினிக் கூரை சுகமில்லை.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். குரல் செய்தி அனுப்பினால் நிஃப்லா மதினி அதை ஸ்பீக்கரில் போட்டு, சோறு வடித்துக்கொண்டே கேட்பார். பின்னேரத்துக்குள் புத்தளத்தில் அவருடைய உம்மாவுக்குத் தெரியும். அங்கிருந்து இங்கே வர ஒரு பஸ் போதும். நாளை தோஹாவுக்குத் திரும்பும் அஃப்ராஸ் இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து இதை வாங்கிக்கொள்வான். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய உருளை பற்றிய விஷயம்.

அடிமரத்தில் பட்டியால் இறுக்கும் அந்த இரும்பு உருளை வந்த பிறகுதான் நானும் நிக்கொலஸ் அண்ணனும் மரத்தை விழுத்தும் ஆட்களாக இல்லாமல் இறக்கும் ஆட்களானோம். அவர் மேலே. நான் கீழே. அறுக்கும் கொப்பில் கட்டிய கயிறு உச்சியிலுள்ள கப்பி வழியாக வந்து உருளையைச் சுற்றும். பாரத்துக்குத் தக்கபடி இரண்டு சுற்று, மூன்று சுற்று. கயிறு இரும்பில் உரசும். அந்த உரசல்தான் தாங்கும். நான் நுனியைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவேன். என்னைவிட இரண்டு மடங்கு பாரமான கொப்பு வந்து மணலில் படுக்கும். நாலு வருடம் மெய்யியல் படித்தேன். எதுவும் இப்படிச் சொன்னபடி கேட்டதில்லை.

பராமரிப்புக்கு நீங்கள் பதினாலு குரல் செய்திகள் அனுப்பியிருந்தீர்கள். ஒன்பது கேட்டேன். பட்டியில் நூல் பிரிந்திருக்கிறதா பார். உருளையில் கயிறு பள்ளம் விழுத்தியிருக்கிறதா தடவிப் பார். மரப்பிசினைத் துடை. கையுறை இல்லாமல் கயிற்றைத் தொடாதே. எல்லாம் செய்தேன். ஒன்பதாவதின் நடுவில் உங்கள் சின்னவன் அழத் தொடங்கினான். பிறகு கேட்போம் என்று வைத்துவிட்டேன்.

கற்பிட்டியில் பிறந்தவனுக்கு இரும்பைக் கண்டால் கை தானாகக் கிரீஸ் டின்னைத் தேடும். இங்கே புது ஆணி ஒரு கிழமையில் சிவந்துவிடும். படலைக் கொளுக்கி, சைக்கிள் சங்கிலி, வாப்பாவின் படகு எஞ்சின், எல்லாவற்றுக்கும் பூசித்தானே வளர்ந்தோம். போன கிழமை வியாழன் உருளையை எடுத்தேன். கொஞ்சம் மினுங்கியது. தொட்டால் வழவழப்பு. வெளிநாட்டு இரும்பு அப்படித்தான் என்று நினைத்தேன். ஆனால் உப்புக்காற்று வெளிநாடு உள்நாடு பார்க்குமா? கிரீஸை விரலில் அள்ளி, மெல்லியதாக, மிகவும் அக்கறையோடு பூசினேன்.

சனிக்கிழமை ஜெய்னம்பு மாமியின் வேம்பு. குசினிக்கு மேலே சாய்ந்த கொப்பு, நிக்கொலஸ் அண்ணன் மேலிருந்து “தம்பி, மூண்டு சுத்துப் போடு” என்றார், போட்டேன், மாமியை வெளியே வரச் சொன்னேன், “இடியப்பம் வேகுது மகன், இந்தா வாறன்” என்று குரல் வந்தது, குரல்தான் வந்தது, ஆள் வரவில்லை, நான் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, மேலே அறுக்கும் வாள் நின்றது, கொப்பு முறிந்தது, கயிறு இறுகியது, பிறகு இறுகவில்லை, உருளையில் உரசாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது, நான் விடவில்லை, விடாததால் மணலில் சறுக்கிப் போய் மரத்தோடு மோதினேன், ஒரு கையுறை கழன்று கயிற்றோடு உருளைக்குள் இழுபட்டுச் சிக்கியது, அதற்குள் என் கை இல்லாதது அல்லாஹ்வின் கிருபை, கயிறு டொக் என்று நின்றது, மரம் முழுதும் ஆடியது, நிக்கொலஸ் அண்ணன் இடுப்புப் பட்டியில் தொங்கி மரத்தில் இரண்டு தரம் மோதினார், மேலே “மாதாவே”, கீழே “அல்லாஹ்வே”, கொப்பு கூரைத் தகடு ஒன்றை உடைத்துவிட்டு அந்த ஓட்டையிலேயே தொங்கியது.

ஓட்டைக்கு நேர் கீழே மாமி. தலைக்கும் கொப்புக்கும் நடுவில் ஒரு முழம்.

இடியப்பத் தட்டோடு வெளியே வந்தார். கொப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மகன், கொப்ப இறக்கச் சொன்னா நீங்க என்ன மரத்தக் கட்டிப் புடிச்சிட்டு ஈக்கிறீங்க?”

எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை. தகட்டை மறுநாளே மாற்றினேன். அந்த ஒரு முழத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

நிக்கொலஸ் அண்ணன் இறங்கி வந்தார். இரண்டு முழங்காலிலும் இரத்தம்.

“தம்பி, நாலு சுத்துச் சொல்லியிருக்கோணும். பாரத்த நான்தான் பிழையா மதிச்சன்.”

நான் பேச வேண்டிய இடம் அது. என் கையில் கிரீஸ் மணத்தது.

“பரவாயில்ல அண்ணன். எல்லாருக்கும் நடக்கிறதுதானே” என்றேன்.

நான் அவரை மன்னித்தேன், நானா.

அன்று பின்னேரம் உங்கள் மிச்ச ஐந்து குரல் செய்திகளையும் கேட்டேன். பன்னிரண்டாவது: “டேய், உருளைக்குக் கிட்ட எண்ணெய், கிரீஸ் ஒண்டும் கொண்டு போகாத. வழுக்கினா ஆள் போயிரும். உங்கட ஊர்ப் பழக்கம் எனக்குத் தெரியும்.” உங்களுடைய ஊரும்தான்.

ஆறு நாளாக நிக்கொலஸ் அண்ணன் வேலைக்கு வரவில்லை. அழைத்தால் “முழங்கால் தம்பி” என்று வைத்துவிடுகிறார். முழங்கால் மட்டும் இல்லை என்று தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்து வாகை. வகுப்பறைக்கு மேலே சாய்ந்திருக்கிறது. திங்கள் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அவர் இல்லாமல் யார் ஏறுவது?

ஆகவே ஓர் உதவி. நாளை இரவே அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். அந்த வகை உருளை சில வேளை தானாக வழுக்கும், சுற்றுக் கணக்கில் பிழையில்லை என்று. நீங்கள் சொன்னால் நம்புவார். கிரீஸைச் சொல்ல வேண்டாம். நான் கீழே பிடிப்பேன் என்றுதான் அவர் மேலே அறுக்கிறார். சொன்னால் இனி ஏற மாட்டார். சொல்லாமலும் ஏறவில்லை. இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை.

உங்கள் கூரைக்கு மேலே எந்தக் கொப்பும் சாயாதிருக்க துஆ செய்யும்,
தம்பி நுஸ்கி.

பி.கு.: உறையில் போடுமுன் படலையில் சத்தம். அஃப்ராஸ் என்று போனேன். நிக்கொலஸ் அண்ணன். இரண்டு முழங்காலிலும் கட்டு. கையில் ஒரு கிரீஸ் டின். என்னுடையது இல்லை.

“தம்பி, ஒண்டு சொல்லோணும், கோவிக்கக் கூடாது. போன கிழமை புதன் நீ இல்லாத நேரம் உருளைய எடுத்து... உப்புக்காத்துதானே, துரு ஏறிரும் எண்டு...”

எனக்கு அந்த மினுக்கம் ஞாபகம் வந்தது.

மூன்று சுற்று சரியான கணக்குத்தான் என்றார். கிரீஸைச் சொல்ல வெட்கப்பட்டு, பாரத்தின் மேல் பழியைப் போட்டாராம். இந்தக் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படலையடியில் நின்றே வாசித்தார். ‘மன்னித்தேன்’ என்ற இடத்தில் தலையைத் தூக்கி என்னை ஒரு தரம் பார்த்தார். முடித்ததும் கேட்டார்:

“அப்ப ரெண்டு பூச்சா?”

“ஓம்.”

“மாதா காப்பாத்தினா.”

“அல்லாஹ்வும்.”

இப்போது முற்றத்தில் உட்கார்ந்து உருளையைச் சவர்க்காரம் போட்டு உரஞ்சிக்கொண்டிருக்கிறோம். அவர் உரஞ்சுகிறார், நான் எழுதுகிறேன், எழுதி முடித்ததும் மாற வேண்டுமாம். கிரீஸ் ஏறிய கயிறு இனி மரத்துக்கு ஆகாது. நீங்கள் அனுப்பிய மற்றக் கயிறு இருக்கிறது. ஞாயிறு ஏறுகிறார். அந்தச் செய்தியை அனுப்ப வேண்டாம்.

ஜெய்னம்பு மாமிக்கு யார் சொல்வதென்று மட்டும் முடிவாகவில்லை. நிக்கொலஸ் அண்ணன் என்னைச் சொல்கிறார். நான் அவரைச் சொல்கிறேன். ஆகவே கடிதத்தை மதினிக்கு மறைக்காதீர்கள். சோறு வடிக்கும் நேரம் பார்த்துச் சத்தமாக வாசியுங்கள். மிச்சத்தைப் புத்தளத்து பஸ் பார்த்துக்கொள்ளும்.