எட்டுப் பேர், எண்ணிக்கை சரி

பட்டியல் போடுகிறவர்களை உலகம் எளிதில் நம்பிவிடுகிறது. கையில் ஒரு அட்டையும் பேனாவும் இருந்துவிட்டால் போதும், அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. பட்டியல் போட்டவர் உட்பட. எனக்கு இது ஆஸ்திரியாவின் ஒரு மலைச்சாலையில் புரிந்தது.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். (அதாவது, அடுத்தவர் செய்யும் தவறைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) என் கல்லூரித் தோழி ஜெனிபரும் அவள் கணவர் டேனியலும் இரண்டு பிள்ளைகளோடு ஜெர்மனியில் இருக்கிறார்கள். "பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு. வாங்கட்டி, ஒரு வேன் எடுத்து நாலு நாட்டைச் சுத்துவோம்" என்று ஜெனிபர் கூப்பிட்டாள். நானும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தோழி செல்வியும் அவளுடைய இரண்டு பிள்ளைகள் யாழினி, கவினோடு கிளம்பினோம். லீவு கிடைக்காத செல்வியின் கணவர், விமான நிலையத்தில் என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார்.

"வித்யா, இவ பராக்குப் பாத்துட்டே நிப்பா. நீ இருக்கங்கிற தைரியத்துலதான் புள்ளைகள அனுப்புதேன்."

அந்த நொடியிலிருந்து நான் சும்மா ஒரு தோழி இல்லை, பொறுப்பாளர். துணிக்கு ஒரு பட்டியல், மருந்துக்கு ஒரு பட்டியல், எல்லாப் பட்டியலும் எந்தப் பையில் இருக்கிறது என்பதற்கு ஒரு பட்டியல். வேன் கிளம்பும்போதெல்லாம் எட்டுப் பேரையும் எண்ணி, சீட் பெல்ட்டைச் சரிபார்த்து, டிக் அடித்த பிறகுதான் டேனியல் சாவியைத் திருகலாம்.

"ஏட்டி, ஜெயில்லகூட ஒரு நாளைக்கு ரெண்டு தடவதான் எண்ணுவாங்க" என்றாள் ஜெனிபர்.

பயணத்தில் ஆறு வயது கவினுக்கு மட்டும் மனம் ஒட்டவே இல்லை. வீட்டில் அவனுடைய வெள்ளை நாய் வீராவை விட்டுவிட்டு வந்த ஏக்கம். வானளாவிய கோபுரத்தைக் காட்டினால், "வீரா இம்புட்டு உசரம் தாவுவானா?" என்பான். தேவாலயத்தைக் காட்டினால், "நாயை உள்ள விடுவாகளா?" என்பான். பனியைக் காட்டினால்தான் இவன் முகம் மலரும் என்று, மலை உச்சிக்குப் போகும் ரயிலில் பகல் இரண்டு மணிக்கு எட்டு இடம் பதிவு செய்திருந்தேன்.

போகிற வழியில், பாலாடைக்கட்டி விற்கும் ஒரு பண்ணையில் நிறுத்தினோம். அங்கே வாசலில் ஒரு பெரிய வெள்ளை நாய் படுத்திருந்தது. கவின் "வீரா!" என்று ஓடினான். ஜெனிபர் வீட்டு அடுப்பில் செல்வி மூன்று மணி நேரம் கிண்டிய பால்கோவா ஒரு டப்பா நிறைய வேனில் இருந்தது. அதில் ஒரு உருண்டையை நாய்க்கு ஊட்டினான். அவ்வளவுதான், அந்த நாய் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அடிமை.

நான் கடிகாரத்தைப் பார்த்து விசில் அடித்தேன். (ஆமாம், விசிலும் பட்டியலில் இருந்தது.) எல்லோரும் ஏறினார்கள். கதவருகே நின்று எண்ணினேன். பின் சீட்டில் யாழினி காதில் பாட்டோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் தம்பியின் நீலப் போர்வை, உள்ளே சுருண்ட ஒரு உருவம்.

"கவின் தூங்கிட்டானா?"

"அப்பாடா, நாலு நாள் கழிச்சு இன்னைக்குத்தான் தூங்குதான். எழுப்பிராத" என்றாள் செல்வி.

நான் எழுப்பவில்லை. போர்வைக்கு மேலேயே சீட் பெல்ட்டை மாட்டி, செல்லமாக இரண்டு தட்டும் தட்டினேன். உள்ளிருந்து நிம்மதியாக ஒரு பெருமூச்சு வந்தது. எட்டு டிக். எண்ணிக்கை சரி.

கொஞ்ச தூரம் போனதும் ஜெனிபர் மூக்கைச் சுளித்தாள். "யாரு சாக்ஸைக் கழட்டுனது?"

யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இருபது நிமிடம் கழித்து யாழினி காதிலிருந்து பாட்டைக் கழற்றினாள்.

"அத்தை, கவின் என் கைய நக்குதான்."

"பால்கோவா ஒட்டியிருக்கும்டி. செத்த நேரம் சும்மா இரு."

"அத்தை, அவனுக்கு நாக்கு ரொம்ப நீளமா இருக்கு."

திரும்பினேன். போர்வை விலகியது. ஈரமான கறுப்பு மூக்கோடு ஒரு வெள்ளை முகம், மரியாதையாகப் பெல்ட்டுக்குள் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. காலடியில் பால்கோவா டப்பா, கழுவி வைத்தது போலக் காலி.

அப்போது நான் செய்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. முதலில் பட்டியலைத்தான் பார்த்தேன். அதில் எட்டு டிக் இருந்தது.

"எம் புள்ள எங்கட்டி?" செல்வியின் அந்தக் குரல் எதிர்மலையில் மோதித் திரும்பியிருக்கும்.

டேனியல் வேனைத் திருப்புவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. பண்ணைக்குப் போன் செய்யலாமென்றால் மலைக்குள் சிக்னல் இல்லை. செல்வி ஆண்டாளைக் கூப்பிட்டாள், ஜெனிபர் மாதாவைக் கூப்பிட்டாள், என் காதில் விமான நிலையத்தில் கேட்ட அந்த ஒரு வாக்கியம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாய் ஒன்றுதான் ஜன்னல் வழியே இயற்கையை ரசித்தது.

பண்ணை வாசலில் கவின் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். மடியில் ஒரு தண்ணீர்க் கிண்ணம். பக்கத்தில் ஆறரை அடி உயரப் பண்ணைக்காரர், கையில் நாய்ச்சங்கிலியோடு. செல்வி ஓடிப்போய்ப் பிள்ளையை அள்ளிக்கொண்டாள். அவன் அவளை விலக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினான்.

"வீராவை எங்க கொண்டுட்டுப் போனீக? அவனுக்குத் தண்ணிக் கிண்ணம் எடுக்கத்தான போனேன்? அதுக்குள்ள என்ன அவசரம்?"

நாயை ஊருக்குக் கூட்டிப்போவது அவன் திட்டம். போர்வை போர்த்தி, பால்கோவாவைக் கொடுத்து, கிண்ணத்தை எடுக்கப் போயிருக்கிறான். (என்னுடையதைவிட நல்ல பட்டியல்.) நாங்கள் நாயை இறக்கிக் கொடுத்தோம்; அவர் பையனைக் கொடுத்தார். ஜெனிபர் கைகூப்பி, ஜெர்மன் மொழியில் நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் இறுகியே இருந்தது. சீட் பெல்ட் வரைக்கும் வந்ததும் வேலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"ஆளை எண்ணுனது யாருன்னு கேக்காரு" என்றாள் ஜெனிபர்.

ஏழு விரல்கள் என்னை நோக்கி நீண்டன. நாய்கூட என்னைத்தான் பார்த்தது.

இரண்டு மணி ரயில் எங்கள் எட்டு இடங்களைக் காலியாக வைத்துக்கொண்டு போய்விட்டது. பிள்ளைகள் அன்று மாலை முழுக்க வைக்கோல் குவியலில் நாயோடு உருண்டார்கள். கவின் நான்கு நாட்களில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தான். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் இடித்தாள். "பனியாவது மண்ணாவது. ஏட்டி, போய் நீயும் உருளு." உருண்டேன். அது எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஊருக்கு வந்ததும், 'நான் பார்த்த ஐரோப்பா' என்று பள்ளிக்கூடத்தில் கவின் வரைந்தான். கோபுரம் இல்லை, தேவாலயம் இல்லை. சீட் பெல்ட் போட்ட ஒரு வெள்ளை நாய். அதைச் செல்வியின் கணவர் சட்டம் போட்டு, நான் போனால் கண்ணில் படுகிற மாதிரி வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறார்.

போன மாதம் தளவாய்புரத்தில் ஒரு கல்யாணம். ராஜபாளையத்திலிருந்து வேனில், டிரைவரோடு சேர்த்துப் பதினான்கு பேர் கிளம்பினோம். பழக்க தோஷம், எழுந்து நின்று எண்ண ஆரம்பித்தேன். முதல் சீட்டில் செல்வியின் கணவர் "லொள்" என்றார். அடுத்து செல்வி. அடுத்து யாழினி. கவின் துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு இரண்டு தடவை. கதையைச் சற்றுமுன்தான் கேட்டிருந்த டிரைவர் அண்ணனும், திரும்பிப் பார்க்காமலேயே, ஒன்று போட்டார்.

மொத்தம் பதினான்கு குரைப்பு. எண்ணிக்கை சரி. ஆனாலும் கவின் தலையிலிருந்த துண்டைத் தூக்கி, மூக்கைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் டிக் அடித்தேன்.