கப்பித்தான் வயிற்றில் கசன்

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கொடி பறந்த காலத்தில், ஒரு கதையை முதலிலிருந்து கடைசிவரை கேட்டவர் அந்த ஊரில் ஒருவர்கூடக் கிடையாது. அத்தனை பேரையும் அரைகுறையாக அலையவிட்ட பெருமை ஒரே ஆளைச் சேரும். அவன் பெயர் வெள்ளி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது தனக்கே மறந்துவிட்டது என்பான்.

ஆள் என்னவோ தார் பூசிய தோணியின் நிறம். ஏரியில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றிப் போவது தொழில். விடியுமுன் கிழக்கே முளைக்கிற வெள்ளிக் கிரகத்தைப் பற்றி ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தக் கிரகம்தான் அசுரர்களின் குரு சுக்கிராச்சாரியார் என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளி அவரைச் சொந்தப் பெரியப்பா போல "எங்காளு" என்பான். கழியை ஊன்றித் தோணியைத் தள்ளியதும் எங்காளின் கதை தொடங்கும். கரை தட்டியதும் நிற்கும்.

அதுவரை சரி. அடுத்த சவாரியில், விட்ட இடத்திலிருந்து தொடருவான். ஏறியவர் புது ஆள் என்பதெல்லாம் அவனுக்குப் பொருட்டே இல்லை.

மகாபலியின் தானத்தைத் தடுக்கச் சுக்கிராச்சாரியார் வண்டாகிக் கமண்டலத்தின் மூக்கில் புகுந்ததுவரை காட்டூர் உழவர் ஒருவர் கேட்டிருந்தார். வாமனன் தர்ப்பையால் குத்தி அவர் கண் போனதைக் கேட்டவர் கோட்டைக்குப்பத்து வலைக்காரர். இவர் வண்டுக் கதை என்கிறார், அவர் கண்வலிக் கதை என்கிறார். சந்தை நடுவில் ஒருவர் துண்டை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விலக்கப் போன எனக்கு, குத்துப்பட்டது வண்டா மனிதனா என்று இரண்டு நாள் குழப்பம்.

நான் அப்போது கோட்டையில் துபாஷி. ஊரார் பேசுவதை உலாந்தாக்காரருக்கும், அவர்கள் பேசுவதை ஊராருக்கும் மாற்றிச் சொல்வது என் பிழைப்பு.

ஒரு நாள், கிழக்கு வெளுக்குமுன்பே, ஊருக்குப் புதிதாக வந்திருந்த உலாந்தாக் கப்பித்தானை அழைத்துக்கொண்டு வெள்ளியின் தோணியில் ஏறினேன். அக்கரைக்கு அப்பால் கடலில் நிற்கும் கப்பலை அவர் பார்க்க வேண்டும். முதல் நாள் விருந்தில் நம்மூர்ச் சாராயத்தை ஒரு கை பார்த்திருந்தார். வயிற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். எனக்குத் தூக்கம் சொக்கியது. வெள்ளி கழியை ஊன்றினான்.

"சாம்பலாக்கி சாராயத்துல கலந்து குட்த்துட்டானுங்க. பெரியவரு மடமடன்னு குட்ச்சிட்டாரு."

"என்ன சொல்கிறான்?" என்றார் கப்பித்தான்.

தூங்கினாலும் துபாஷியின் வாய் வேலை செய்யும். சொன்னதைச் சொன்னபடியே மாற்றிச் சொன்னேன்: சாராயத்தில் சாம்பலைக் கலந்தார்கள், பெரியவர் குடித்துவிட்டார்.

கப்பித்தான் நிமிர்ந்தார்.

"இப்ப அவன் வயித்துக்குள்ள கீறான். வெளிய வந்தான்னா வயிறு கிழியும். பெரியவரு பூடுவாரு."

அதையும் சொன்னேன்.

"யார் அவன்? யார் அனுப்பினார்கள்?"

வெள்ளியைக் கேட்டேன். "கசன்னு பேரு நைனா. எதிராளிங்க அனுப்பிச்ச புள்ள" என்றான். அப்படியே ஒப்பித்தேன். தோணி கரை தட்டியது. வெள்ளி வாயை மூடிக்கொண்டான்.

கப்பித்தான் கப்பல் பக்கமே திரும்பவில்லை. கரையில் நின்ற இரண்டு சிப்பாய்களைக் கூப்பிட்டு வெள்ளியின் கையைக் கட்டச் சொன்னார். அவனை அவன் தோணியிலேயே போட்டுக்கொண்டு திரும்பினோம். கழி ஒரு சிப்பாயின் கையில் இருந்தது. என்ன நடக்கிறது என்று வெள்ளிக்குப் புரியவே இல்லை. "எங்க குத்தறான் பாரு, சேத்துல சிக்கிக்கப் போவுது" என்பதைத் தவிர வழியில் அவன் ஒன்றும் பேசவில்லை.

கோட்டைக்குள் போன பிறகுதான் எனக்குத் தூக்கம் தெளிந்தது. கப்பித்தானுக்கு விஷம் வைத்த குற்றம். அதற்குத் தூக்குதான்.

"ஐயா, அது கதை! வெள்ளிக் கிரகத்தின் கதை!" என்று பதறினேன். அந்தக் கிரகத்துக்கு அவர்கள் பாஷையில் உள்ள பெயரைச் சொன்னேன்.

"வீனஸா?" கப்பித்தான் மேசையைத் தட்டினார். "வீனஸ் பேரழகி! கடல் நுரையில் பிறந்தவள்!"

"இல்லை ஐயா. தாடி வைத்த பெரியவர். ஒரு கண் கிடையாது. வயிற்றில் ஒரு பையன்..."

சொல்லச் சொல்ல எனக்கே தலை சுற்றியது. பெண்ணாக இருந்தால் வயிற்றில் பிள்ளை இருப்பது பொருந்துகிறதே என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது. கப்பித்தானோ நான் பொய் சொல்கிறேன் என்றே முடிவு கட்டினார்.

எங்களுக்கு முந்தின சவாரியில் போனவர் யார் என்று வெள்ளியைக் கேட்டேன். கோட்டைக்குப்பத்தில் இறால் விற்கும் முனியம்மா என்றான். ஓடிப்போய் அழைத்து வந்தேன். கூடையோடு வந்தாள். கட்டிவைத்த வெள்ளியைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் பொங்கியது.

"இன்னாய்யா அநியாயம் இது? எறும்பத் தாண்டிப் போற மனுசன் இவன்!"

"நேற்று உனக்கு என்ன கதை சொன்னான்? அதைச் சொல் முதலில்."

"செத்தவன எய்ப்புற மந்திரம் இவங்காளுக்கு மட்டுந்தான் தெரியுமாம். அத்தக் கத்துக்கினு வான்னு தேவருங்க கசன அனுப்பிச்சாங்களாம். அசுரனுங்க அவனக் கொன்னு எரிச்சிட்டானுங்களாம். அதோட கரை வந்துட்ச்சி. எனக்கு ராவெல்லாம் தூக்கமே இல்ல."

இதை மாற்றிச் சொன்னபோது கப்பித்தானின் முகம் கொஞ்சம் இளகியது. சாம்பல் யாருடையது என்று பிடிபட்டுவிட்டது. ஆனால் கை வயிற்றை விட்டு நகரவில்லை.

"அந்தப் பெரியவர் பிழைத்தாரா?"

வெள்ளி கட்டிய கையைத் தூக்கிக் காட்டினான். "கழி கையில இல்லாம வராது நைனா. தண்ணில தள்ளும்போதுதான் வாயில வருது. இன்னா பண்ணட்டும்?"

அவன் வீம்பு பிடிக்கவில்லை. உடம்பெல்லாம் நடுங்கியது. தூக்குமரத்தடியில் நிறுத்தினாலும் அவனால் தரையில் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரிந்தது. அதைக் கப்பித்தானிடம் சொன்னேன். அவர் எழுந்தார்.

"தோணியை எடு."

கப்பித்தான், நான், முனியம்மா, சிப்பாய்கள் இருவர். கட்டை அவிழ்த்ததும் வெள்ளி கழியைப் பிடித்தான். முதல் ஊன்றலிலேயே நடுக்கம் போய்விட்டது.

"வயித்துக்குள்ளேந்து 'குருவே'ன்னு கொரலு வருது. வெளிய கூப்ட்டா நாம பூடுவோம்னு பெரியவருக்குத் தெரியும். கூப்டலன்னா அவரு பெத்த பொண்ணு பூடுவா. பொண்ணுக்கு அந்தப் பையன் மேல உசுரு. சரின்னு, வயித்துல இருக்கறவனுக்கே மந்திரத்தச் சொல்லிக் குட்த்தாரு. வயிறு கிழிஞ்சிது. பையன் வெளிய வந்துட்டான். பெரியவரு செத்துக் கெடக்கறாரு."

தோணி கரை தட்டியது. வெள்ளி வாயை மூடிக்கொண்டான்.

கப்பித்தான் அவர் பாஷையில் ஏதோ கத்தினார். நான் மொழிபெயர்ப்பதற்குள் முனியம்மா அதையே தமிழில் கத்தினாள். "யோவ், தோணியத் திருப்புய்யா!"

திருப்பினான்.

"கத்துக்க வந்தது கெடச்சிட்ச்சி. பையன் அப்டியே போயிருக்கலாம். போவல. குருவாண்ட குந்திக்கினு மந்திரத்தச் சொன்னான். பெரியவரு கண்ணத் தொறந்து எய்ந்து குந்தினாரு."

சொன்னேன். கப்பித்தான் கை வயிற்றிலிருந்து இறங்கியது. "பிழைத்துவிட்டாரா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். இரண்டு முறையும் ஆமாம் என்றேன். சிப்பாய்களைப் பார்த்து, இவனை விட்டுவிடுங்கள் என்று கையை அசைத்தார். வீனஸ் எப்படிக் கிழவர் ஆனாள் என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. எனக்கும்தான்.

அன்று மாலை வெள்ளியைத் தேடிப் போனேன். மணிக்கட்டில் கயிற்றுத் தடம் அப்படியே இருந்தது.

"நான் தூங்கிக்கிட்டே உளறிட்டேன் வெள்ளி. உன் கழுத்துக்கு வந்துடுச்சு."

"நீ இன்னா தப்பா சொன்ன? நான் சொன்னதத்தான சொன்ன?" என்றான். பிறகு அவன் முகம் மலர்ந்தது. "நீ எவ்ளோ நல்லா சொல்லியிருந்தா அந்த ஆளு அப்டி நடுங்கியிருப்பாரு! ஏறு, குந்து."

அக்கரையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஏறி உட்கார்ந்தேன்.